ஒரே கட்டிக்கு இரண்டு ரிப்போர்ட்: ‘ஹிஸ்டோ’ அறைக்குள் போய் வந்தோம்

கதவைத் தள்ளியதும் கண் கரிக்கும். ஃபோமலின் வாசம். பயப்பட ஒன்றுமில்லை, பின்னால் வாருங்கள். ‘அனுமதியின்றி உட்பிரவேசிக்க வேண்டாம்’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டிய இந்தக் கதவைத் தாண்டுவதற்கு எத்தனை பேரிடம் கேட்டுப் பார்த்தேன்! ஒருவழியாக இன்று காலையில் தலைக்குத் தொப்பி, காலுக்கு இரவல் செருப்பு, முதுகுப்பக்கம் கட்டுகிற மேலங்கி எல்லாம் தந்து உள்ளே விட்டுவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

இது கிழக்கு மாகாண வைத்தியசாலை ஒன்றின் நோயியல் ஆய்வுகூடம். உள்ளே எல்லோரும் ‘ஹிஸ்டோ’ என்றுதான் சொல்வார்கள். ஆய்வுகூடத்தின் பெயரை எழுதுவதில்லை, ஆட்களின் பெயரை எழுதுவதில்லை, நோயாளி பெயர் தெரிகிற கடதாசிப் பக்கம் தலை திருப்புவதில்லை என்று சொல்லித்தான் வந்திருக்கிறேன். நீங்களும் அப்படியே.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வாகரையில் கிளினிக் வாங்கிலும் பஸ் தரிப்பிடத்திலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “ஊசி குத்தி எடுத்தப்ப ஒண்டு சொன்னாங்க. ஒப்பிரேசன் செஞ்ச மறுகா வேற ஒண்டு சொல்றாங்க. இதுல எது புள்ள உண்மை?” மார்பில் கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள், அவர்களுடைய தங்கைமார், மகள்மார் எல்லோரும் கேட்பார்கள். மாதிரி மாறிப்போயிருக்கும் என்று ஒருவர் சொல்வார். டொக்டர் முதலில் மறைத்துவிட்டார் என்று இன்னொருவர். இந்தச் சந்தேகத்திலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டு, நாட்டு மருந்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்கு உள்ளே கிடக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு ரிப்போர்ட்டும் பிறக்கிற இடத்தையே பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன்.

கோறளைப்பற்று வடக்கு என்று அரசாங்கப் பதிவில் இருக்கும் எங்கள் வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். ஏ-15 வீதியில் பனிச்சங்கேணிப் பாலம், மாங்கேணி, காயான்கேணி, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வர வேண்டும். 1996இல் நாடு முழுக்கத் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதித்து, ‘இதை ஒருக்கா காட்டுங்க’ என்று சொன்னால் இந்தப் பாதைதான். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். முன்பு எதற்கெடுத்தாலும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடிய காலம் இருந்தது. இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் கட்டியின் ஒரு துண்டு இப்படியொரு அறைக்கு வந்தாக வேண்டும். அந்த அறையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

முதலில் இந்தச் சின்ன ஜன்னல். மாதிரிகள் எல்லாம் இதன் வழியாகத்தான் உள்ளே வரும். ஜன்னல் மேசையைப் பாருங்கள்: கைவிரல் அளவுப் போத்தல்கள், பெரிய போத்தல்கள், மூடி போட்ட வெள்ளை வாளிகள், நீல மையில் நிரப்பிய விண்ணப்பப் படிவங்கள், முதுகு கிழிந்து பிளாஸ்டர் ஒட்டிய பெரிய பதிவுப் புத்தகம். புத்தகத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனா. ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டேன். “கட்டாட்டி வார்ட்டுக்குப் போயிரும், மிஸ்” என்றார் ஜன்னலடியில் நிற்கும் சிற்றூழியர். இவர் பனிச்சங்கேணிப் பக்கத்துக்காரர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று எனக்கு வாய்த்த நல்ல ஆசிரியர்களில் ஒருவர்.

இங்கே ஒரு சின்னச் சடங்கு நடக்கிறது. போத்தலில் எழுதியதை ஒருவர் உரத்து வாசிக்கிறார், படிவத்தில் உள்ளதை மற்றவர் வாசிக்கிறார். பெயர், வயது, வார்ட், கிளினிக் இலக்கம், கடைசியாக “இடமா, வலமா?” ஒரே காலையில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் வந்த நாளெல்லாம் உண்டாம். “எங்கட ஊர்ல அம்மாமாருக்குப் பேர் வச்சவங்க கொஞ்சம் யோசிச்சு வச்சிருக்கலாம்” என்று ஒரு தொழில்நுட்பவியலாளர் சிரிக்கிறார். படிவத்தில் ‘இடது’ என்று இருந்து போத்தலில் பக்கமே எழுதாமல் வந்தால், போத்தல் அங்கேயே நிற்கும். வார்ட்டிலிருந்து ஆள் வந்து எழுதிக் கையெழுத்து வைக்காமல் ஒரு அங்குலம் நகராது. மாதிரி மாறிப்போயிருக்கும் என்று வாகரையில் சொல்கிறோமே, அந்தப் பயம் எங்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம். எந்த ஆய்வுகூடத்திலும் மனிதர் தவறு நடக்க முடியாது என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். அதற்காகத்தான் இத்தனை வாசிப்பும்.

இப்போது அந்தச் சின்னப் போத்தலைக் கிட்ட வந்து பாருங்கள். அதுதான் ஊசி குத்தி எடுத்த ‘கோர் பயொப்சி’. தெளிந்த திரவத்துக்குள் வெள்ளையும் சாம்பலுமாக நாலைந்து நூலிழைகள். ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை சென்டிமீற்றர் நீளம். தடிப்பு 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒன்று மட்டும் மேலே மிதக்கிறது. “மிதக்குறது பெரும்பாலும் கொழுப்பு. கட்டி கிடக்கிற துண்டு அடியில போயிரும்” என்றார் தொழில்நுட்பவியலாளர் அக்கா. இவ்வளவுதானா? ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்த கட்டிக்கு இந்த நாலைந்து இழைதானா சாட்சி? எனக்கு நம்ப முடியவில்லை.

அக்கா அந்த இழைகளை எடுக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால் நசுங்கிவிடும். நசுங்கினால் கலம் எல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் வாசிக்க முடியாது. ஆகவே தூக்குவதில்லை, ஏந்துகிறார். ஈரத் தாளில் வைத்து மடித்து, ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயம் விட்டு, சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடுகிறார். சாயம் எதற்கு? பிறகு மெழுகுக்குள் போனால் வெள்ளை இழை கண்ணுக்குத் தெரியாதாம். மேசையில் வரிசையாக அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே பென்சில் தூள். மையால் எழுதினால் இரசாயனத்தில் கரைந்து போகும். பென்சில் எழுத்துத்தான் நிற்கும். இங்கே எல்லாருடைய மேலங்கிப் பையிலும் ஒரு கட்டைப் பென்சில்.

பனிச்சங்கேணி அண்ணனிடம்தான் கேட்டேன்: இந்தத் துண்டில் தெரிவதும், முழுக்கட்டியில் தெரிவதும் எப்படி வேறாகும்? அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நம்மட ஊர்க் கிணறுதான் மிஸ். வாகரையில முன் வளவுல வெட்டினா நல்ல தண்ணி. பத்தடி தள்ளிக் கடல் பக்கமா வெட்டினா உப்பு. ரெண்டு தண்ணியும் பொய் இல்லத்தானே? ஊசியும் அப்பிடித்தான். வெட்டின இடத்துத் தண்ணியத்தான் சொல்லும்.” பெரிய புத்தகங்களில் பல பக்கத்துக்கு விரியும் சங்கதியை இவர் கை கழுவுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற நோயியல் நிபுணர், இங்கே எல்லோருக்கும் ‘மேடம்’, “நான் இதை ஸ்டூடன்ஸுக்கு ஸ்லைட் போட்டு அரை மணித்தியாலம் படிப்பிக்கிறன்” என்று சிரித்தார்.

அடுத்த அறைக்கு வாருங்கள். ‘கட்-அப்’ அறை. இங்கேதான் சத்திரசிகிச்சையில் எடுத்த முழு மார்பகமோ, கட்டியும் அதைச் சுற்றிய பகுதியுமோ வாளியில் வந்து சேரும். பார்க்கத் தயங்குகிறவர்கள் வாசலில் நின்றே கேட்கலாம். எனக்கும் முதல் கணத்தில் நெஞ்சு அடைத்தது. யாரோ ஒரு அம்மாவின் உடல் அல்லவா. மேடமும் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேலை, வேலை, வேலைதான்.

பிளாஸ்டிக் ஏப்ரன், அதன் மேல் இன்னொரு மேலங்கி, இரண்டு அடுக்குக் கையுறை, முகமறைப்பு. புகையை இழுக்கும் விசிறி பெரும் சத்தத்தோடு சுற்றுகிறது. மட்டக்களப்புப் பங்குனி வெயிலுக்கு அது எம்மாத்திரம்? மேடத்தின் நெற்றியில் வியர்வை திரண்டு வருகிறது. கை இரண்டும் வேலையில். பக்கத்தில் நிற்கும் அக்கா சொல்லாமலே ஒரு துண்டால் ஒற்றி விடுகிறார். பத்து வருடமாக இந்த ஒற்றல் நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் பார்ப்பது நூல். சத்திரசிகிச்சை வைத்தியர் துண்டை எடுத்ததும் அதன் மேல் பட்டு நூலால் இரண்டு தையல் போட்டு அனுப்புவார்: குட்டை நூல் மேல்புறம், நீள நூல் கைப்பக்கம். அந்த இரண்டு நூலும் இல்லாவிட்டால் இது உடம்பில் எப்படி இருந்தது என்று இவர்களுக்குத் தெரியாது. திசை தெரிந்ததும் வண்ணம் தீட்டுகிறார்கள். உண்மையாகவே வண்ணம்! மேல்பக்கம் நீலம், கீழ்ப்பக்கம் பச்சை, பின்பக்கம் கறுப்பு. தீட்டியதும் சாயம் வழியாமல் பிடிக்க ஒரு போத்தலைத் தெளிக்கிறார்கள். மோந்து பார்க்கத் தேவையில்லை, அறை முழுக்க வினாகிரி மணம். சமையலறையில் அச்சாறுக்கு ஊற்றுகிற அதே அசெற்றிக் அமிலம்! பிறகு நுண்நோக்கியில் பார்க்கும்போது புற்றுநோய்க் கலம் நீலத்தைத் தொட்டால், மேல் ஓரத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். ஊசிப் பயொப்சியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. இழைக்கு ஏது ஓரம்?

கத்தி இறங்குகிறது. அரை சென்டிமீற்றர், ஒரு சென்டிமீற்றர் அகலத்தில் தகடு தகடாக. ஃபோமலின் தசைக்குள் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் ஊறும். வெட்டாமல் வாளியில் போட்டு வைத்தால் வெளிப்புறம் பதப்பட்டு நடுப்பகுதி கெட்டுப்போகும். தகடுகளுக்கு இடையில் தாள் செருகி மறுபடி ஊற வைப்பார்கள். “தியேட்டர்ல எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஃபோமலின்ல விழணும். பிந்தினா சில சோதனை பொய் சொல்லும்” என்றார் மேடம். ஊசியில் எடுத்த மெல்லிய இழை சீக்கிரமே ஊறிவிடும். இப்படிப் பதப்படுத்தலில் வரும் வித்தியாசத்தாலேயே இரண்டு ரிப்போர்ட் வேறுபடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

கட்டியை விரலால் தடவுகிறார். கையுறைக்கு மேலாலும் தெரிகிறதாம். கத்தி போகும்போது நறநற என்கிறது. அளக்கிறார்: 2.8 சென்டிமீற்றர். இது மாணவர்களுக்குப் பழக்கிக் காட்டும் மாதிரி, ஸ்கேன் குறிப்பில் இருந்தது 2.1. பாருங்கள், ஊசிக்குப் போகாமலே ஒரு வித்தியாசம் வந்துவிட்டது! ஸ்கேனில் நிழலை அளக்கிறோம், இங்கே பொருளை. சில வேளை மறுவளமாக ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தது இங்கே சிறிதாக இருக்கும். சுற்றி வீங்கியிருந்த பகுதியும் அதில் சேர்ந்திருக்கும்.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம். அக்குளிலிருந்து எடுத்த கொழுப்புக் கட்டிக்குள் நிணநீர்க் கணுக்களைத் தேடுவது. கண்ணால் தெரியாது. விரல் நுனியால் கொழுப்பை மெல்ல நசுக்கி, நசுக்கி, நசுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கணு அகப்பட்டால் “ஒண்டு!” என்று குரல். எழுதுபவர் திருப்பி “ஒண்டு” என்பார். பத்துக்கு மேல் கிடைத்தால் முகத்தில் வெளிச்சம். எட்டிலே நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து அதே கொழுப்பைத் தடவுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி இருபது நிமிடம். யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. “ஒம்பது!” என்று அக்கா கத்தியபோது நானும் சேர்ந்து கைதட்டிவிட்டேன். மார்புக்குள் குத்திய ஊசிக்கு அக்குளில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? ‘முதல்ல ஒண்டுமே சொல்லல்ல, இப்ப கழலைக்கும் பரவிட்டுது எண்டுறாங்க’ என்று வாகரையில் அழுத ஒரு குரல் அப்போது என் காதுக்குள் கேட்டது. முதல் தடவை மறைத்தவர் யாருமில்லை. முதல் தடவை அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

மெழுகு அறையை வேகமாகக் கடந்து போவோம், வெக்கை தாங்காது. துண்டுகள் இரவு முழுக்க ஒரு இயந்திரத்துக்குள் மதுசாரம், சைலீன், உருகிய மெழுகு என்று ஒன்று மாறி ஒன்றில் குளிக்கும். மெழுகின் சூடு 60 பாகை அளவில் இருக்கும். இரவில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரைக்கும் கடமையில் இருப்பவருக்கு உயிர் போய் வரும்.

ஆனால் இந்த மூலையில் நின்றே ஆக வேண்டும். மைக்ரோடோம். மெழுகுக் கட்டியை ஐஸ் தட்டிலிருந்து எடுத்து, கத்திக்கு முன்னால் பூட்டி, கைப்பிடியைச் சுழற்றுகிறார் ஓர் இளம் தம்பி. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 மைக்ரோன் தடிப்பில் ஒரு சீவல். ஒரு மயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு வருமா? வரும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீள்கின்றன. இந்த இடத்தில் மின்விசிறி போடக் கூடாது, போட்டால் நாடா பறந்துவிடும். அதனால் வைத்தியசாலையிலேயே வேர்த்துக் கொட்டுகிற மூலை இதுதான். தம்பியின் சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. “தும்மல் வந்தா என்ன செய்வீங்க தம்பி?” என்று கேட்டேன். “வெளிய ஓடுவன் மிஸ். போன கிழமை ஓடினன்” என்றார். அறையே சிரித்தது, சிரிப்புக்கு முன்னால் எல்லோரும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன்.

நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டால் கீழிருந்து ஏந்துகிறார். சுருக்கமில்லை. அடுத்து சாயம்: ஊதா, பிறகு இளஞ்சிவப்பு. அந்த ஊதா மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தின் அத்தனை நோயியல் அறைகளிலும் கலத்தின் கருவைக் காட்டித் தருவது அந்த மரம்தான்.

இவ்வளவு நாளா எடுக்கும் என்று கேட்கிறீர்களா? அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 1905ஆம் ஆண்டு, நோயாளி மேசையில் இருக்கும்போதே பதில் வேண்டும் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் கேட்க, லூயி வில்சன் என்ற நோயியலாளர் துண்டை ஜன்னலுக்கு வெளியே பனிக்காலக் குளிரில் உறைய வைத்துச் சீவிப் பார்த்தார். இன்றைக்கு அதற்குக் குளிரூட்டிய இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் உறைந்த சீவல் மெழுகுச் சீவலைப் போல் தெளிவாக இருக்காது. ஆகவே தியேட்டரில் உடனே சொன்னதும், பிறகு கடதாசியில் வருவதும் சில வேளை வேறுபடும்.

மேடத்தின் அறை. நிஜமாகச் சொல்கிறேன், இவ்வளவு சின்ன அறையில் இவ்வளவு தகடுகளை நான் எதிர்பார்க்கவில்லை. மேசை, கதிரை, ஜன்னல் கட்டு எல்லாவற்றிலும் கண்ணாடித் தகடு அடுக்கிய அட்டைத் தட்டுகள். அவற்றுக்கு நடுவே மகள் கீறிய மயில் படம், ஒரு பாக்கு வெட்டி. பாக்கு வெட்டி எதற்கு? “அம்மம்மாட. கடதாசி பறக்காம இருக்க.” இரண்டு பேர் சேர்ந்து பார்க்கக்கூடிய நுண்நோக்கியின் மறுபக்கக் கதிரையில் என்னை இருத்தினார்.

“இது பயொப்சி. இது அதே ஆளுக்கு ஒப்பிரேசன்.” பெயர் அழித்த பழைய பாடத் தகடுகள். முதல் தகட்டில் பாற்குழாய்கள் வட்டம் வட்டமாக. உள்ளே ஊதாக் கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, ஆனால் வட்டத்தின் சுவர் உடையவில்லை. புற்றுநோய்தான், இன்னும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது தகட்டில் மேடம் மெல்ல நகர்த்துகிறார். அதே வட்டங்கள், அதே வட்டங்கள், பிறகு ஒரு மூலையில் சுவரைத் தாண்டிக் கலங்கள் வரிசையாக வெளியே. “இந்த மூலையில ஊசி போகல்ல. அவ்வளவுதான்.” ஊசியில் குழாய்க்குள் மட்டும் என்று வந்தவர்களில், உலகத்தில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் வெளியேறிய புற்றுநோயும் தெரியவருகிறது. நான்கில் ஒருவர்! இது தெரியாமல்தான் ஊரில் யாரோ ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தரம் மாறுவது இன்னும் அடிக்கடி. 1991இல் எல்ஸ்டனும் எல்லிஸும் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலிருந்து எழுதிய முறைப்படி மூன்று விசயங்களுக்குப் புள்ளி போடுவார்கள்: கலங்கள் குழாய் வடிவத்தில் அமைந்திருக்கின்றனவா, கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. கூட்டுத்தொகை 5 வரை என்றால் முதல் தரம், 6 அல்லது 7 இரண்டாம் தரம், 8 அல்லது 9 மூன்றாம் தரம். மேடம் ஒரு கையால் தகட்டை நகர்த்தி மறுகையால் ‘கிளிக் கிளிக்’ என்று எண்ணி அழுத்துகிறார். கலம் பிரிவது கட்டியின் விளிம்பில்தான் மும்முரமாக நடக்கும். ஊசி பெரும்பாலும் நடுவில் போய்விடும். எண்ணுவதற்கு இடமும் கொஞ்சம்தான். ஆகவே இழையில் 7 என்று வந்தது முழுக்கட்டியில் 8 ஆகலாம். ஒரு புள்ளிதான் வித்தியாசம், கடதாசியில் ‘தரம் 2’ ‘தரம் 3’ ஆகிவிடும், வீட்டில் எல்லோரும் அழுவார்கள். அந்தக் கலம் இரண்டு கிழமைக்குள் மோசமாகிவிடவில்லை. எண்ணுவதற்கு இடம் கிடைத்தது.

பிறகு பழுப்புச் சாயம் போட்ட தகடுகள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று ரிப்போர்ட்டின் அடியில் வருமே, அவைதான். ஈ.ஆர். நூற்றுக்கு ஒரு கலத்தில் பிடித்தாலே உண்டு என்று எழுதுவார்கள். தமொக்சிபன் மாத்திரை கொடுப்பதா என்பது அதைப் பொறுத்தது. ஹெர்-2க்கு 0 தொடக்கம் 3 வரை. இரண்டில் நின்றால் சந்தேகம், வேறு சோதனைக்குப் போக வேண்டும். காலியில் ருகுணு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லக்மினி முத்துவ குழுவினர் இலங்கைப் பெண்களின் மார்பகப் புற்றுநோய்களில் இந்தப் பழுப்புச் சாயங்களை வைத்து நீண்டகாலமாக ஆய்வுகள் எழுதியிருக்கிறார்கள். ஒரே கட்டியில் ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருப்பதை மேடம் காட்டினார். கண்ணால் பார்த்த பிறகு எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. ஊசியில் ஒன்று, அறுவையில் வேறு என்று வந்தால் பேசாமல் விடமாட்டார்களாம். மறுபடி சாயம் போட்டு, பழைய தகட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

“இதைப் பாருங்க, எனக்குப் பிடிச்ச தகடு” என்றார். பார்த்தேன். ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பு வடு, சில நுரைத்த கலங்கள். “இந்த அம்மாவுக்குப் பயொப்சியில மூன்றாம் தரம். முதல்ல மருந்து ஏத்தி, பிறகு ஒப்பிரேசன். கட்டி கரைஞ்சு போச்சு. நான் முப்பது பெட்டி வெட்டித் தேடினன். இல்ல!” அந்த ‘இல்ல’வில் இருந்த சந்தோஷம்! சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் சாந்தாவும் சகாக்களும் பெரிய கட்டிகளுக்கு அறுவைக்கு முன்பே சிகிச்சை கொடுக்கும் வழியில் நீண்டகாலம் உழைத்தார்கள். இப்போது அது எங்கும் நடப்பது. அப்போது இரண்டாவது ரிப்போர்ட்டில் ‘புற்றுநோய் காணப்படவில்லை’ என்று வந்தால், முதலாவது பிழை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து வேலை செய்திருக்கிறது. சிறிய கட்டி என்றால் ஊசியே முழுவதையும் எடுத்துவிட்டிருப்பதும் உண்டு.

இதற்கு மறுபக்கமும் கேட்டேன்: ஊசி ‘ஒன்றுமில்லை’ என்றால்? மேடத்தின் முகம் இறுகியது. “கைக்கு ஒரு மாதிரி இருக்கு, ஸ்கேனிலயும் ஒரு மாதிரி இருக்கு, ஊசி மட்டும் ஒண்டுமில்ல எண்டா, ஊசியை நம்பி வீட்ட போகக் கூடாது. திருப்பி எடுக்கணும். இதை மட்டும் பெரிசா எழுதுங்க.” எழுதிவிட்டேன் மேடம்.

தேநீர் நேரம். ஆய்வுகூடத்துக்குள் வாயில் எதுவும் போடக் கூடாது, ஆகவே படிக்கட்டுக்குக் கீழே ஒதுக்கிய மூலையில் ஆறு பேர் முட்டியடித்துக்கொண்டு இஞ்சிப் பிளேன்டீ. யாருடையதோ வீட்டு உளுந்து வடை சுற்றுகிறது. அக்காவின் தலைமுடியில் இரண்டு முறை குளித்தாலும் ஃபோமலின் மணம் போகாதாம். கல்யாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் மூக்கை உறிஞ்சுவார். தம்பி எத்தனை நாடா சீவினார் என்று பந்தயம். தொலைபேசி இதற்கிடையில் நாலு தரம் அடித்தது. நாலும் ஒரே கேள்வி: “ரிப்போர்ட் வந்துட்டா?”

வாகரைப் பெண்ணொருத்தி இரண்டு கடதாசியோடு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்று மேடத்திடம் கேட்டேன். அவர் அந்தப் பெண்களை ஒருநாளும் நேரில் காண்பதில்லை. கலத்தைத் தெரியும், முகத்தைத் தெரியாது. யோசிக்காமல் சொன்னார்: “ரெண்டையும் கொண்டு வரச் சொல்லுங்க. புதுசு வந்தவுடனே பழசை எறிஞ்சிராங்க. முதலாவது கடதாசி, இது என்ன நோய், எங்க இருந்து தொடங்குற எண்டு சொல்லும். ரெண்டாவது, எவ்வளவு, எங்க வரைக்கும், இனி என்ன மருந்து எண்டு சொல்லும். வித்தியாசம் இருந்தா, ஏன் எண்டு கிளினிக்கில கேட்கட்டும். கேட்கிறது அவங்கட உரிமை. மெழுகுக் கட்டியெல்லாம் இஞ்ச பத்திரமா கிடக்கு. வேற ஆளிட்ட காட்டணும் எண்டாலும் தருவம்.” பனிச்சங்கேணி அண்ணன் குறுக்கிட்டார்: “பொலித்தீன் பேக்ல போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்க மேடம். மாரியில பஸ்ஸுக்குள்ளயும் ஒழுகும்.”

மணி அடித்தது. ஜன்னலில் புது வாளி. கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழும்புகிறார்கள். அண்ணன் பெயரை வாசிக்கிறார், அக்கா படிவத்தை வாசிக்கிறார், வலது, வலது, சரி. மேடம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, கையுறையோடு துண்டை ஒருமுறை திருப்பி, மறுமுறை திருப்பி, “நூல் எங்க?” என்றார். நீள நூல் இருக்கிறது, குட்டை நூலைக் காணவில்லை. தம்பி அதற்குள் தியேட்டருக்குத் தொலைபேசி போட்டாயிற்று. மூன்று நிமிடம்கூட இருக்காது, மாஸ்க் கழுத்தில் தொங்க, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஒரு இளம் டொக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். “சொறி மேடம், அவிழ்ந்து விழுந்திருக்கும். இதுதான் மேல்” என்று விரலால் காட்டினார். “வடிவா யோசிச்சுச் சொல்லுங்க டொக்டர்.” அவர் கண்ணை மூடி, காற்றில் இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்து, “ஓம் மேடம், மேல்தான். சேரையும் கேட்டுட்டுத்தான் வந்தன்” என்றார். ஊசியில் நூல் கோத்தபடி அக்கா பக்கத்தில் தயாராக நின்றார்.